ஊசியம்மா ஒட்டிய சிரிப்பு

அம்மாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, காது மிஷினுக்கு பேட்டரி மாற்றியது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சாப்பாட்டு மேசையில் பழைய துண்டு ஒன்றை விரித்து, அதன்மேல் இரண்டு மிஷினையும் வைத்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே மகள். மகளுக்கு வேலையே அதுதான். காது மிஷின் பழுது பார்க்கும் மையத்தில், சோதனைப் பிரிவில் இருக்கிறாள். ஒரு நாளைக்கு நாற்பது மிஷின்களைச் சின்னப் பெட்டிக்குள் வைத்து மூடி, எந்தச் சத்தம் போகிறது, எது போகவில்லை என்று திரையில் விழும் கோட்டைப் பார்த்துச் சொல்பவள். இருந்தும் அம்மாவுக்கு அவள்மேல் நம்பிக்கை கிடையாது.

“ஸ்டிக்கர உரிச்ச உடனே போடாத. ஒரு நிமிஷம் காத்து படணும்.”

“எனக்கே சொல்றியாம்மா?”

“பின்ன? மேல பார்த்துக்கிட்டே உரிக்கிற.”

வடிகட்டியில் அடைத்திருந்த அழுக்கை மகள் ஊசி முனையால் எடுத்தாள். பேட்டரியைப் போட்டு மூடினாள். இடது மிஷினை அம்மா காதில் மாட்டினாள்.

வழக்கமாக இந்தக் கட்டத்தில் மற்றவர்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வார்கள். அம்மா “சிரி” என்பாள். மகள் ஒப்புக்கு ஒரு சிரிப்பு சிரிப்பாள். அம்மா தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கிக் கேட்பாள். பிறகு நிம்மதியாக, “வேற,” என்பாள். மூன்று வருடமாக இப்படித்தான். ‘வேற’ என்றால் என்னவென்று மகள் கேட்டதில்லை. டியூனிங் சரியாக இருக்கிறது என்று அர்த்தமாக்கும் என விட்டுவிட்டாள்.

அன்று அம்மா சிரிக்கச் சொல்லவில்லை.

“பேட்டரிக்குக் காத்து வேணும்னு உனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?”

“எங்க மேனேஜர்.”

“உங்க மேனேஜருக்கு மொதல்ல காது கேக்குமா? சம்பளம் ஏத்தச் சொல்லி ரெண்டு வருஷமா கேக்குறியே.”

மகளுக்குச் சிரிப்பு பீறிட்டது. ஒப்புக்குச் சிரித்தது அல்ல, வயிற்றிலிருந்து வந்தது. அம்மா சட்டென்று மிஷினைக் காதிலிருந்து பிடுங்கினாள்.

“என்னம்மா? சத்தம் அதிகமா இருக்கா?”

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு, அம்மா இல்லை என்று தலையாட்டினாள். உள்ளங்கையில் கிடந்த மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். “சரியா இருக்கு,” என்றாள். “அதேதான்.”

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டை மடித்துக்கொண்டே கேட்டாள்: “வியாழக்கிழமை லீவு போடுவியா? ஒரு இடத்துக்குப் போகணும். ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டணும்.”

“என்ன வேலை?”

“ஒருத்தங்க பொருள் பதினெட்டு வருஷமா என்கிட்ட இருக்கு. குடுக்கணும்.”

“கூரியர்ல போடலாமே.”

“கையில குடுக்கணும்,” என்றாள் அம்மா.

செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு அம்மா குளியலறை வாசலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. வயது அறுபத்து மூன்று. மிஷின் இரண்டும் மேசைமேல் டப்பாவுக்குள் இருந்தன. மகள் அந்தப் பத்து நிமிடத்தில் ‘அம்மா, அம்மா’ என்று கூப்பிட்டதில் ஒன்றுகூட அவளுக்குக் கேட்டிருக்காது.

வியாழக்கிழமை வந்தது, போனது. அன்று வீடு முழுக்க ஆட்கள். வாசல் ஓரத்து நாற்காலியில் ஒரு பழுப்பு உறை இருந்தது. யாரோ அதன்மேல் தலைக்கவசத்தை வைத்திருந்தார்கள்.

அம்மா முப்பத்தாறு வருடம் ஒரே தொலைக்காட்சி நிலையத்தில் வேலை பார்த்தவள். இருபத்திரண்டு வயதில் டேப்புக்கு லேபிள் ஒட்டப் போனாள். நான்கே வருடத்தில் ஒலித் தொகுப்பில் உட்கார்ந்துவிட்டாள். மூன்றாம் மாடி. ஜன்னல் இல்லாத அறை. சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்ச். அதற்குள் பேசினால் பேச்சு எங்கும் போகாது, காலடியிலேயே விழுந்து கிடக்கும். மகள் சிறுவயதில் பள்ளி விட்டு அங்கே போய் உட்கார்ந்திருக்கிறாள். பத்து நிமிடத்தில் தன் மூச்சு தனக்கே கேட்க ஆரம்பிக்கும். பயமாக இருக்கும்.

ஒட்டு தெரியாமல் வெட்டி ஒட்டுவாள் என்பதால் ‘ஊசியம்மா’ என்று பெயர் விழுந்தது. மந்திரி பேச்சில் இருமலை எடுத்துவிடுவாள். போட்டுக் காட்டினால், தான் இருமவே இல்லை என்று மந்திரியே சத்தியம் பண்ணுவார். நிலையத்தில் அவளைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் கதை அது. அப்பா, மகளுக்கு நான்கு வயதானபோது வேறு குடும்பம் பார்த்துக்கொண்டு போய்விட்டார். வெட்டு, ஒட்டு, மாதச் சம்பளம், மகள். அம்மாவின் உலகம் இவ்வளவுதான்.

அலமாரியில் அம்மா வைத்திருந்த டேப்புகள் ஐம்பதுக்கு மேல் இருக்கும். மகள் அவற்றை எடுத்ததற்குக் காரணம் ஆராய்ச்சி இல்லை. ஒவ்வொரு டேப்பின் தொடக்கத்திலும் அம்மா குரல் இருக்கும். ‘பேட்டி ஆறு. டேக் ஒண்ணு.’ அந்தக் குரலைக் கேட்க வேண்டும் போலிருந்தது.

டேப் ஓட்டும் இயந்திரத்தைப் படத்துக்காரர் மாமா கொண்டுவந்து கொடுத்தார். அம்மா ஒலியை வெட்டினாள் என்றால், பக்கத்து அறையில் படத்தை வெட்டியவர் அவர். உறவு ஒன்றும் இல்லை. இருபது வருடம் ஒரே டிபன் மேசை, அதனால் மாமா. “டேப் உரசுற ஹெட்டத் துடைச்சு வச்சிருக்கேன், மெதுவாப் போடு,” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராமலே போய்விட்டார். போகிற அவசரத்தில் செருப்பை இடம் மாற்றிப் போட்டுக்கொண்டு, படியில் நின்று சரிசெய்தார்.

சனிக்கிழமை மதியம். திரையில் வெளிச்சம் அடிக்காமல் இருக்க மகள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

‘பேட்டி நாலு. டேக் ஒண்ணு.’ அம்மா. நாற்பத்திரண்டு வயதுக் குரல். மகள் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி கேட்டாள். ஏழு முறை. பிறகு டேப்பை ஓடவிட்டாள்.

வாரா வாரம் ஞாயிறு மாலை வந்த நிகழ்ச்சி. இளம் விளையாட்டுக்காரர்களோடு அரை மணி நேரம். பேட்டிக்காரருக்குத் தேன் தடவிய குரல். அன்று வந்தவள் சைக்கிள் பந்தயக்காரி, வயது பதினாறு. இருநூறு கிலோமீட்டரை மழையில் ஓட்டி ஜெயித்தவள். அவளிடம் அவர் கேட்டது, வெயிலில் முகம் கறுத்துப்போகிறதே, கவலையாக இல்லையா என்று. அந்தப் பெண் சிரித்தாள். கணீரென்று, மூன்று படியாக இறங்கி, கடைசியில் சின்னதாக ஒரு மூச்சை இழுத்து முடிந்த சிரிப்பு.

அடுத்த டேப்பில் ஒரு பையன், பதினேழு வயது, நீளம் தாண்டுபவன். அவனிடம் எத்தனை எட்டு வைத்து ஓடுவான், எந்தக் காலை ஊன்றி எழும்புவான், மணல் ஈரமாக இருந்தால் என்ன செய்வான் என்றெல்லாம் கேள்வி. அரை மணி நேரத்தில் அவன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. ‘என்ன ஒரு கவனம்!’ என்று பேட்டிக்காரர் மெச்சிக்கொண்டார்.

அதற்கடுத்தது நீச்சல்காரி. அவளுக்குப் பிடித்த நடிகர் யார் என்று கேட்டார். அவள் சிரித்தாள். மூன்று படியாக இறங்கி, மூச்சை இழுத்து.

மகள் தண்ணீர் குடிக்க எழுந்தவள், குடிக்காமல் திரும்பி வந்தாள்.

உயரம் தாண்டுபவள். கல்யாணம் எப்போது? சிரிப்பு. வில் எய்பவள். ராத்திரி தனியாகப் பயணம் போகிறாயே, வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா? சிரிப்பு. கால்பந்தில் கோல் காப்பவள், பதினைந்து வயது. கண்ணாடி முன்னால் எவ்வளவு நேரம் நிற்பாய்? சிரிப்பு. ஊர் வேறு, குரல் வேறு, பல்வரிசை வேறு. சிரிப்பு மட்டும் ஒன்று.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிரிப்பு கேட்கும்போது முகம் இல்லை. ஷூ நாடா. ஈரத் துண்டு. மடியில் கோத்த விரல்கள். மேசைமேல் கோப்பை. சிரிப்பு முடிந்ததும் முகம் திரும்பி வரும். அதில் சிரித்த தடமே இருக்காது. கோல் காப்பவளின் முகத்தைப் பல் பிடுங்கிக்கொண்டு வந்த முகம் என்று சொல்லிவிடலாம்.

மகள் கணினியைத் திறந்தாள். ஐந்து சிரிப்பையும் தனித்தனியே எடுத்து, அலைகளாக வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தாள். ஐந்தும் ஒரே கோடாக நின்றன. முடி அளவுகூட விலகல் இல்லை. இரண்டு பேர் ஒரே மாதிரி சிரிக்கலாம். ஒருத்தியே இரண்டு முறை இப்படி அச்சு அசலாகச் சிரிக்க முடியாது. அது அவளுக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த விஷயம்.

சத்தத்தைக் கூட்டிக் கேட்டாள். சிரிப்புக்கு அடியில் மெலிதாக ஒரு ரீங்காரம். சிரிப்பு முடிகிற இடத்தில், தொலைவில், ஒரு கரண்டி தரையில் விழும் சத்தம். மைதானத்தில் எடுத்த பேட்டியிலும் கரண்டி. நீச்சல் குளத்தின் ஓரத்திலும் கரண்டி.

ரீங்காரம் நிற்கட்டும் என்று டேப்பை நிறுத்தினாள். நிற்கவில்லை.

அது சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. இருபத்து மூன்று வயது ஃப்ரிட்ஜ்.

மகள் எழுந்துபோய் அதன் பிளக்கைப் பிடுங்கினாள். வீடு அமைதியானது. சமையலறைத் தரையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

அலமாரியின் கடைசித் தட்டில், துணிக்கு அடியில், ‘வீடு’ என்று எழுதிய டேப் இருந்தது. போட்டாள். அம்மாவின் குரல், அடக்க முடியாத குறும்போடு: ‘வீடு. சிரிப்பு. டேக் ஒண்ணு.’

அந்த நாள் அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. வயது பதினான்கு. பள்ளிக்கு மழை விடுமுறை. அம்மா நிலையத்து ரெக்கார்டரைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். வாழைப்பழத்தை வாய்க்கு நேரே மைக் போலப் பிடித்து, தன் நிலைய இயக்குநர் மேடையில் பேசுவதை நடித்துக் காட்டினாள். மகள் தரையில் உருண்டு சிரித்தாள். உருண்டதில் கால் தட்டிக் கரண்டி விழுந்தது. அதற்கும் சிரித்தார்கள். அம்மா தன்னோடு விளையாடிய நாட்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும். அவற்றில் முதல் விரல் அந்த நாள்.

ஃபோனை எடுத்தாள். “மாமா, நாளைக்கு வரீங்களா?”

“மிஷின் கெட்டுப் போச்சா?”

“இல்ல. நல்லா ஓடுது.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. “வரேம்மா.”

ஞாயிறு காலை, போன மாதம் அம்மா உட்கார்ந்த அதே நாற்காலியில் படத்துக்காரர் உட்கார்ந்தார். டீயை ஊதி ஊதி ஆறவைத்தார். குடிக்கவில்லை.

“அது என் சிரிப்பு மாமா.”

“தெரியும்.”

“எத்தன பேருக்குப் போட்டீங்க?”

“எண்ணி வைக்கல. ஒரு முப்பது இருக்கும்.” கிளாஸைக் கீழே வைத்தார். “பையன் சிரிக்கலன்னா கவனம்னு சொல்வாங்கம்மா. பொண்ணு சிரிக்கலன்னா திமிருன்னு சொல்வாங்க. ஆரம்பத்துல ஒரு ஓட்டக்காரப் பொண்ணு வந்தா. முகம் குடுத்துப் பேசல, சிரிக்கல. உள்ளத உள்ளபடி போட்டோம். அந்த வாரம் அவ பேருக்கு ஒரு மூட்டை கடுதாசி வந்துச்சு. பிரிச்சது உங்கம்மாதான். எட்டு பத்து படிச்சாங்க. எழுந்து போய் முகத்தக் கழுவிட்டு வந்து, எல்லாத்தையும் கிழிச்சாங்க. அந்தப் பொண்ணு கண்ணுல ஒண்ணும் படல. அப்புறம் தயாரிப்பாளர் வந்து கதவுல சாஞ்சுக்கிட்டு, ‘ஊசியம்மா, அடுத்த வாரப் பொண்ணையாவது கொஞ்சம் சிரிக்க வைங்க’ன்னார். அந்த வாரந்தான் ரெக்கார்டர வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாங்க.”

“காப்பாத்துறதா நினைச்சாங்களா?”

“அப்படித்தான் நினைச்சோம். உன் சிரிப்பு எந்த வாய்க்கும் பொருந்திச்சும்மா. ரெண்டாவது டேக் தேவையே படல.”

“முகத்த யாரு எடுத்தா?”

“நான். முகத்த எடுத்துட்டு ஷூவப் போட்டது நான்.” கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். “அது என் பங்கு. உங்கம்மா தலையில எல்லாத்தையும் கட்ட முடியாது.”

மகள் எழுந்துபோய் அந்தப் பழுப்பு உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். “இது யாருக்கு மாமா?”

உறைமேல் எழுதியிருந்ததை அவர் படித்தார். படித்தபின் கண்ணாடியைக் கழற்றினார்.

“பளு தூக்குற பொண்ணு,” என்றார்.

பதினெட்டு வருடத்துக்கு முன் அவளுக்கு இருபது வயது. தன் எடையைப்போல் இரண்டு மடங்கு தூக்கியிருந்தாள். பேட்டிக்காரர் எடையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ‘இவ்வளவு தூக்குற கை, நாளைக்குப் புருஷன் கைய மெதுவாப் பிடிக்குமா?’ என்று கேட்டார். பிறகு, ‘தொட்டுப் பாக்கலாமா?’ என்றார். பதிலுக்குக் காத்திருக்காமல் அவளுடைய புஜத்தைப் பிடித்து அழுத்தினார். ஒளிபரப்பில் அந்த இடத்தில் இரும்புத் தட்டுகள் தெரிந்தன. சிரிப்பு கேட்டது.

“ஏழெட்டு மாசம் கழிச்சு, அந்தப் பொண்ணு அவங்க அணி மேலாளர் மேல புகார் குடுத்தா. கண்ட இடத்துல தொடுறான்னு. கூட ரெண்டு பொண்ணுங்க வரேன்னு சொல்லி, கடைசில பின்வாங்கிட்டாங்க. விசாரணை வச்சாங்க. மேலாளர் பக்கத்து ஆளு நம்ம நிகழ்ச்சியப் போட்டுக் காட்டினான். ‘ஊரே பாக்குறப்போ ஒரு ஆம்பள தொட்டதுக்கு இப்படிச் சிரிச்ச பொண்ணுங்க இது’ன்னான். மூணு தடவ போட்டான். உங்கம்மாவக் கூப்பிட்டாங்க.”

“அம்மா போனாளா?”

“போனாங்க. ஒரே கேள்வி. ‘இது ஒளிபரப்பான டேப்தானா?’ உங்கம்மா ‘ஆமா’ன்னாங்க. ‘மாற்றம் ஏதும் இல்லையே?’ன்னு ஒரு தாள நீட்டினாங்க. ஒளிபரப்புக்கு அப்புறம் மாத்தலைதானே. கையெழுத்துப் போட்டாங்க.” அவர் மேசையைப் பார்த்துப் பேசினார். “தொழில்காரங்க பதில் அது. சட்டப்படி பொய் இல்ல. வெளிய வந்து என்கிட்ட, ‘அந்தப் பொண்ணு என்னையே பாத்துக்கிட்டு இருந்தா’ன்னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க. அடுத்த மாசம் செய்திப் பிரிவுக்கு மாத்திக்கிட்டுப் போய்ட்டாங்க. செய்தியில யாரும் சிரிக்க வேண்டாம்ல.”

“அந்தப் பொண்ணு?”

“போட்டிக்குப் போறத விட்டுட்டா.”

அவர் போனபின் மகள் உறையைப் பிரித்தாள். ஒரு டேப். நான்காக மடித்த ஒரு கடிதம். முதலில் டேப்பைப் போட்டாள். வெட்டாத மூலம்.

‘தொட்டுப் பாக்கலாமா?’ கை நீள்கிறது. பிடிக்கிறது. பளு தூக்கும் பெண்ணின் முகம் திரையில் அப்படியே நிற்கிறது. அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை, அந்த ஆளைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை. மகள் தன்னையறியாமல் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொரு விநாடி. பிறகு அந்தப் பெண் தாழ்ந்த குரலில், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொன்னாள்: ‘கைய எடுங்க.’

கை போனது. பேட்டிக்காரரின் குரலில் தேன் வற்றிவிட்டிருந்தது. அடுத்த கேள்விக்குத் தாவினார்.

பேட்டி முடிந்தபின் அரை நிமிடம் யாரும் பேசாமல் இருப்பார்கள். அறையின் சும்மா சத்தத்தைப் பிடிப்பதற்காக. வெட்டிய இடங்களை நிரப்ப அது வேண்டும். அந்த அரை நிமிடமும் டேப்பில் இருந்தது. பளு தூக்கும் பெண் நேராக உட்கார்ந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் காதுமேல் ஹெட்ஃபோனோடு அம்மாவும் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பாள். கேட்டுவிட்டுத்தான் மாடிக்குப் போய் வெட்டியிருக்கிறாள்.

மகள் கடிதத்தைப் பிரித்தாள். அம்மாவின் சாய்ந்த எழுத்து.

‘இந்த டேப் முழுமையானது. வெட்டியவள் நான். விசாரணையில் என்னிடம் கேட்காததை நான் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். எந்த இடத்துக்கு வேண்டுமானாலும் வந்து சொல்வேன். அந்தச் சிரிப்பு உங்களுடையது அல்ல. அது’

அங்கே நின்றிருந்தது. கீழே அரைப் பக்கம் வெறும் தாள். பேனா அழுத்தி நின்ற இடத்தில் மை ஒரு புள்ளியாக ஊறியிருந்தது.

போன மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, சிரிப்பைக் கேட்டு மிஷினைப் பிடுங்கியவள், அன்று மதியம் எழுத உட்கார்ந்திருக்க வேண்டும். அல்லது மறுநாள். மூன்று வருடமாக ‘சிரி’ என்று சொல்லிச் சொல்லி, அது வளர்ந்துவிட்டது, மாறிவிட்டது, இனி அது எவளுக்கும் பொருந்தாது என்று தன்னைத் தேற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். வேற. வேற. வேற. கடைசியில், அதேதான்.

அம்மா இறந்ததிலிருந்தே மகள் வாய்விட்டுச் சிரித்திருக்கவில்லை. துக்க வீட்டில் யாரும் அதைக் கவனிக்க மாட்டார்கள். திங்கட்கிழமை மையத்தில் ஒரு பெரியவர், மிஷினைக் காதில் மாட்டியதும், “பொண்டாட்டி பேசுறது கேக்குதும்மா, திரும்ப எடுத்துக்கோ,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். தொண்டைக்குள் முப்பது பெண்கள் வரிசையாக நிற்பதுபோல் இருந்தது.

உறையில் முகவரிக்குக் கீழே ஒரு எண் இருந்தது. மறுநாள், செவ்வாய்க்கிழமை மதியம், சாப்பாட்டு நேரத்தில், மகள் அந்த எண்ணை அழைத்தாள்.

“டயர் கடை,” என்றது ஒரு பெண் குரல். பின்னால் இரும்பில் சுத்தியல் அடிக்கும் சத்தம்.

“நான்… தொலைக்காட்சியில ஒலித் தொகுப்புல இருந்தாங்களே, உங்ககிட்ட வியாழக்கிழமை வரேன்னு சொன்னவங்க, அவங்க மக பேசுறேன்.”

“எந்த வியாழக்கிழமை? போன மாசம் வரேன்னாங்க. வரல. அன்னிக்கு ஒரு லாரி டயரக்கூடக் கழட்டாம நாள் பூரா வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். மனசு மாறிட்டாங்கன்னு விட்டுட்டேன்.”

“மனசு மாறல. அம்மா அதுக்கு முந்தின செவ்வாக்கிழமை இறந்துட்டாங்க.”

சுத்தியல் நின்றது. “அய்யோ,” என்றாள் அந்தப் பெண். பிறகு, “என்கிட்ட ஃபோன்ல கத்திக் கத்திப் பேசினாங்க. காது கேக்கலன்னாங்க. நான் ‘சரி வாங்க’ன்னு சொன்னதையே நாலு தடவ சொல்ல வச்சாங்க. அஞ்சாவது தடவ நான் ‘டயர் வாங்க வரீங்களா’ன்னு கேட்டேன். அதுக்கும் ‘சரி’ன்னாங்க.”

எதிர்பாராமல் வந்துவிட்டது. துக்கமும் பயமும் கலந்து, அடக்குவதற்குள் வாயிலிருந்து தப்பி, மூன்று படியாக இறங்கி, மூச்சை இழுத்து முடிந்தது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மகள் ஃபோனைக் காதில் அழுத்தினாள். அந்தப் பெண்ணின் மூச்சு கேட்டது. நேராக, சீராக. அந்த அரை நிமிட டேப்பில் கேட்ட அதே மூச்சு.

“இன்னொரு தடவ சிரிங்க,” என்றாள் பளு தூக்கியவள்.

“முடியல.”

“நீங்கதானா அது?”

“ஆமா. எனக்குத் தெரியாது. போன வாரம்தான் தெரியும். பதினாலு வயசுல வீட்ல சிரிச்சது. அம்மா எடுத்து ஒட்டியிருக்காங்க.”

“பதினெட்டு வருஷம்.” குரல் உயரவில்லை. “அந்த ரூம்ல மூணு தடவ போட்டானுங்க. மூணாவது தடவ எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. சிரிச்சிருப்பேனோன்னு. என் புருஷன் கேப்பாரு, ‘ஏன் சிரிச்ச?’ன்னு. சண்டை எதுவும் இல்ல, சும்மா கேப்பாரு. நான் ‘சிரிக்கல’ன்னுதான் சொல்லுவேன். ஆனா ராவும் பகலும் அந்தச் சத்தம் தலைக்குள்ள என் வாயில இருந்தேதான் வரும். கண்ணாடி முன்னால நின்னு அதே மாதிரி சிரிச்சுப் பாத்திருக்கேன். வராது. வரலைன்னா சந்தோஷப்படணும்ல? பட முடியல. மறந்து போயிருக்கும், பழக்கம் விட்டுப் போயிருக்கும்னு தோணும்.”

“நீங்க சிரிக்கல. டேப் இருக்கு. பதினொரு விநாடி நீங்க அவரையே பாத்தீங்க. அப்புறம் ‘கைய எடுங்க’ன்னீங்க.”

“சொன்னேனா?”

“சொன்னீங்க.”

“வாய்விட்டுச் சொன்னேனா?”

“தெளிவா. ஒரு எழுத்து தேயல.”

அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். “கொண்டுட்டு வாங்க,” என்றாள். “இன்னிக்கு வேண்டாம். வியாழக்கிழமைன்னுதானே பேச்சு. எட்டு மணிக்குக் கடை திறப்பேன். என் புருஷனையும் உக்கார வைக்கிறேன்.” ஃபோனை வைக்கப் போனவள் நிறுத்தினாள். “சிரிப்பு வந்தா சிரிச்சிடுங்க. அந்தச் சத்தம் எதிர்ல வேற ஒரு வாயில இருந்து வர்றதப் பாத்துட்டேன்னா எனக்குப் போதும்.”

புதன்கிழமை மாலை மகள் அலைகளின் படத்தை அச்செடுத்தாள். ஏழு சிரிப்பு, ஒரே கோடு. ஆறாவது ‘வீடு’ டேப்பில் இருந்தது. ஏழாவது, அலமாரியில் கிடைத்த பளு தூக்கியவளின் ஒளிபரப்பு டேப்பில் இருந்தது. ‘வீடு’ டேப்பையும் உறைக்குள் வைத்தாள். கடிதத்தை மேசையில் விரித்து, அம்மாவின் பேனாவையே தேடி எடுத்து, ஊறிய புள்ளிக்குப் பக்கத்தில் எழுதினாள்: ‘என்னுடையது.’ கீழே தன் கையெழுத்து, தேதி. அம்மாவின் கையெழுத்துக்கான இடத்தை வெறுமையாகவே விட்டாள். அதை ஒட்டிக் காட்ட அவளுக்கும் தெரியும். செய்யவில்லை.

ஃப்ரிட்ஜுக்கு பிளக்கைச் சொருகினாள். அது செருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அதன் கதவில் காந்தத்துக்கு அடியில் அம்மாவின் சீட்டு அப்படியே இருந்தது. முடிந்த வேலையை ஒரே கோட்டில் அடித்துவிடுவது அவள் வழக்கம். மாடிப்படி பல்பு, அடித்திருந்தது. செருப்பு வார், அடித்திருந்தது. மிஷின் பேட்டரி, அடித்திருந்தது.

நாலாவது வரி அடிக்கப்படாமல் இருந்தது. ‘வியாழன். கையில் கொடுக்க வேண்டும்.’